ஏசி பூட்டுமுன் எந்த அறையைப் பூட்டுவது?

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் தொடக்கத்தில் வளிமண்டலவியல் திணைக்களம் ஒரு பட்டியல் வெளியிடும். இன்று சூரியன் எந்தெந்த ஊருக்கு நேர் மேலே, எத்தனை மணிக்கு என்று. ஏப்ரல் 5 வாக்கில் தெற்குக் கரையில் தொடங்கி, புத்தாண்டு வரும் நேரத்தில் யாழ்ப்பாணத்தையும் கடந்துவிடும். கொழும்பின் முறை அந்தப் பட்டியலின் ஆரம்ப நாட்களிலேயே வந்து போகும். காற்றும் அப்போது அசையாது. வடகீழ்ப் பருவக்காற்று முடிந்திருக்கும், தென்மேல் பருவக்காற்று தொடங்கியிருக்காது. கொழும்பில் ஏசி விற்கும் கடைகளில் ஆட்கள் நெருக்கியடிப்பது சரியாக இந்த நாட்களில்தான். இந்த நாட்களில் எடுக்கும் முடிவுகளில் பாதி பிழையாகப் போவதும் அதனால்தான். வியர்த்துக்கொண்டே கடைக்குள் நுழைகிறவர், கண்ணில் படும் பெரிய பெட்டியைத்தான் கேட்பார்.

இங்கே நான் பேசப்போவது தொடர்மாடி வீடுகளைப் பற்றியல்ல. கொட்டாஞ்சேனை, மருதானை, தெமட்டகொடைப் பக்கங்களிலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி லேன்களிலும் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வரிசை வீடுகள். முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். முன்னால் விறாந்தை, பிறகு ஹால், ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், நடுவில் வானம் தெரியும் சின்ன முற்றம், கடைசியில் குசினி. கபுக் கல்லிலோ செங்கல்லிலோ கட்டிய தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான ஓட்டுக் கூரை, கதவுகளுக்கு மேலே மரத்தில் செதுக்கிய காற்றுச் சல்லடை. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் மனதில் வைத்திருந்த ஒரே குளிரூட்டி, காற்று.

முதலில் சூடேற்றும் கதையை முடித்துவிடுவோம், அது சின்னக் கதை. நுவரெலியாவில் பழைய பங்களாக்களில் கணப்பு அடுப்பு உண்டு. கொழும்பில் தை மாத விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே வெப்பநிலை இறங்குவது அபூர்வம். 'குளிரும் தரும், சூடும் தரும்' என்று கூடுதல் விலை சொல்லும் ஏசி வகைகளை நம்மூர்க் கடைகளிலும் காட்டுவார்கள். அந்தச் சூட்டுக்குக் காசு கொடுக்க ஒரு காரணமும் இல்லை. கொழும்பு வீட்டில் சூடு தேவைப்படுவது குளியலறைத் தண்ணீருக்கு மட்டும். அது வயரிங்கோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பிறகு வருகிறேன்.

சரி, வெப்பம் இந்த வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது? வெள்ளவத்தையின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலி வீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது. லேன்கள் அதிலிருந்து பிரிந்து கடலை நோக்கி மேற்கே போகின்றன. ஆகவே லேனில் உள்ள வரிசை வீடுகளின் முகப்பு வடக்கையோ தெற்கையோ பார்த்திருக்கும். கிழக்கு வெயிலும் மேற்கு வெயிலும் அடிக்கவேண்டிய பக்கங்களில் அடுத்த வீட்டுச் சுவர்தான் இருக்கிறது. வெயிலைப் பொறுத்தவரை இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. வரிசையின் கடைசி வீட்டுக்காரர் பாடுதான் கஷ்டம், அவருடைய மேற்குச் சுவர் பின்னேரம் முழுக்கக் காயும். காற்றைப் பொறுத்தவரை கதை மாறுகிறது. பகலில் கடலிலிருந்து வரும் காற்று லேன் வழியே நேராக ஓடிப் போய்விடும், பக்கத்தில் இருக்கும் யன்னலுக்குள் திரும்பிப் பார்க்காது. கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் உயர்ந்த கட்டடங்கள் வந்தபிறகு லேனுக்குள் நுழையும் காற்றிலும் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

ஆக, நடு வரிசை வீட்டுக்கு எஞ்சியிருக்கும் பெரிய எதிரி கூரை. நாம் பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகை கூட இல்லாத தூரத்தில் இருக்கிறோம். வருடம் முழுக்க நண்பகல் வெயில் சுவரில் அல்ல, தலையில்தான் இறங்குகிறது. ஓடு 50 பாகைக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டை ஓடு கீழ்நோக்கிக் கதிராக வீசும். பின்னேரம் மூன்று மணிக்கு மேல்மாடி அறையில் கட்டிலில் படுத்தால் நெற்றியில் ஒரு காந்தல் தெரியுமே, அது காற்றின் சூடு அல்ல, கூரையின் கதிர். வெப்பமானி 31 என்று காட்டும், உடம்பு 35 என்று சொல்லும். இரண்டும் பொய்யல்ல.

இதற்கு மருந்து ஏசியைவிட மலிவு. ஓட்டுக்குக் கீழே, சலாகைகளுக்கு இடையில், பளபளக்கும் அலுமினியத் தாள் விரிப்பது. இந்தத் தாள் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: பளபளக்கும் பக்கத்தை ஒட்டிக் காற்றிடைவெளி இருக்கவேண்டும். கதிரை அது திருப்பி அனுப்புவது அந்த இடைவெளியை நம்பித்தான். பலகையோடு பலகையாக ஒட்டிவிட்டால் வெறும் தகடு. பளபளக்கும் பக்கம் கீழே பார்ப்பது நல்லது, மேலே பார்த்தால் தூசி படிந்து சில வருடங்களில் மங்கிப்போகும். அதற்குக் கீழே சீலிங் இருக்கிறதென்றால், சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள வெளியில் சூடான காற்று தேங்காமல் முகட்டருகே வெளியேற வழி விடவேண்டும். பழைய ஓட்டுக் கூரை தன் இடுக்குகளாலேயே இதைக் கொஞ்சம் செய்யும். அதனால் கசிவை நிறுத்துகிறேன் என்று ஓட்டிடுக்குகளையெல்லாம் சீமெந்தால் பூசி மூடும் பாஸ்மாரை, அதாவது மேசன்மாரை, பார்த்தால் எனக்குக் கை பதறும்.

பல வீடுகளில் ஓடு உடைந்தபோது கழற்றிவிட்டு அஸ்பெஸ்டாஸ் சீற் போட்டிருக்கிறார்கள். அதைத் துளைக்க, அறுக்க வேண்டாம். தூசி மூச்சுக்குள் போனால் அதன் பலன் பல வருடம் கழித்துத்தான் தெரியும். மேற்கூரைக் காற்றாடி பூட்டவும் ஏசிக் குழாய் இழுக்கவும் இந்தச் சீற்றில் ஓட்டை போடுவது கொழும்பில் சர்வசாதாரணமாக நடக்கிறது. குழாய் சுவர் வழியாகப் போகட்டும். பின்பகுதியில் கொங்கிரீட் சிலாப் இருந்தால் அதன்மேல் வெள்ளைப் பூச்சு அடித்தாலே கீழே இருக்கும் அறைக்கு வித்தியாசம் தெரியும். மழைக்குக் கறுக்கும், இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை திருப்பி அடிக்கவேண்டிவரும்.

அப்புறம் முற்றம். நடுவில் முற்றம் வைத்த யாழ்ப்பாணத்து நாற்சார வீட்டைத் தெரிந்தவர்களுக்கு அதன் வேலை சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொழும்பு வரிசை வீட்டில் அது சுருங்கி, சில இடங்களில் எட்டடிக்கு ஆறடி என்று நின்றாலும், வேலை அதேதான். அறைகளின் சூடான காற்று அதன் வழியே மேலேறும், விறாந்தைப் பக்கமிருந்து புதுக்காற்று இழுபடும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1950களின் இறுதியிலிருந்து கொள்ளுப்பிட்டி பகதல வீதியின் 33ஆம் லேனில் நான்கு சிறு வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தன் வீடாக்கினார். போய்ப் பார்த்தால் தெரியும், ஒடுங்கிய நிலத்தில் அவர் செய்தது பெரும்பாலும் துளை போடும் வேலை: அங்கங்கே வானுக்குத் திறந்த சிறு முற்றங்கள், வெளிச்சக் கிணறுகள். நம் வீடுகளில் நாம் செய்தது அதற்கு நேரெதிர். மழை வருகிறது, கள்ளன் வருகிறான் என்று முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் சீற் போட்டு மூடி, அதற்குக் கீழே சலவை இயந்திரத்தை வைத்தோம். அந்தச் சீற்றை இரண்டடி உயர்த்தி, பக்கங்களில் கம்பிவலை அடித்தால் மழையும் வராது, சூடும் தங்காது. ஒரு வெல்டிங் பாஸுக்கு இரண்டு நாள் வேலை.

நுளம்பு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இந்த இடத்திலேயே முடிந்திருக்கும். 2017இல் நாடு முழுவதும் ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த வருடத்துக்குப் பிறகு கொழும்பில் யன்னலை அகலத் திறந்துவைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது. டெங்கு நுளம்பு கடிப்பது பெரும்பாலும் காலையிலும் பின்னேரத்திலும். காற்று வேண்டும் என்று யன்னலைத் திறக்கும் அதே நேரம். வலை அடித்தால் நுளம்பு நிற்கும், காற்றிலும் ஒரு பெரிய பங்கு நிற்கும். ஆகவே வலை அடித்த வீட்டுக்கு இயற்கைக் காற்று மட்டும் போதாது, விசிறி கட்டாயம்.

விசிறியைப் பற்றி நம் ஆட்களுக்கு ஓர் அலட்சியம் உண்டு. அது அறையைக் குளிராக்காது என்பது உண்மை. உடம்பைச் சுற்றி வியர்வையால் ஈரமாகி நிற்கும் காற்றை விலக்கிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அதன் பலன் வெப்பநிலையை இரண்டு மூன்று பாகை குறைத்ததற்குச் சமம். பழைய சீலிங் ஃபேன் 70 வாற்று வாங்கும். இப்போது வரும் பீ.எல்.டீ.சீ (பிரஷ் இல்லாத) மோட்டர் வைத்தது அதே காற்றை ஏறக்குறைய 30 வாற்றில் தரும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடும் நான்கு விசிறிகளுக்குக் கணக்குப் போட்டால், மாதம் 84 யூனிட் இருந்த இடத்தில் 36 யூனிட். இன்னொன்று: பதினான்கடி உயரக் கூரையில் குட்டைத் தண்டில் விசிறி தொங்கினால் அது பல்லிக்குத்தான் காற்று வீசும். தண்டை நீட்டி, இறக்கை தரையிலிருந்து எட்டு ஒன்பது அடியில் நிற்கும்படி இறக்குங்கள்.

'எயார் கூலர்' என்று தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஒரு பெட்டி விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். நான் இவ்வளவு திட்டவட்டமாகச் சொல்வதற்குக் காரணம் நம் காற்று. அந்தப் பெட்டி தண்ணீரை ஆவியாக்கிக் குளிர் தருகிறது. ராஜஸ்தான் போன்ற வறண்ட இடத்தில் 40 பாகையும் 20 சதவீத ஈரப்பதனும் இருந்தால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 23 பாகைவரை இறங்கும்; அந்தப் பெட்டி குளிர்விக்கக்கூடிய எல்லையும் அதுதான். அங்கே அது நல்ல கருவி. கொழும்பில் 31 பாகையும் 70 சதவீத ஈரப்பதனும் என்றால் அதே ஈரத்துணி 26 பாகைக்கு மேலேயே நின்றுவிடும். மிகத் திறமான பெட்டிகூட மூன்று நான்கு பாகைக்கு மேல் குறைக்க முடியாது, அதற்கு விலையாக அறையின் ஈரத்தை இன்னும் ஏற்றிவிடும். ஏற்கெனவே உப்புப் பேணி பிசுபிசுக்கிற, சப்பாத்து பூசணம் பிடிக்கிற வீட்டுக்கு நாமே காசு கொடுத்து ஈரம் வாங்குவதா?

இனி ஏசி. முதலில் எங்கள் வீட்டுப் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஹாலுக்கு 24,000 பீடியூ (ஏசியின் குளிரூட்டும் திறனைச் சொல்லும் அளவு) ஸ்பிளிட் ஏசி ஒன்று பூட்டினோம், உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி என்று வரும் வகை. விற்றவர் வீட்டைப் பார்க்கவில்லை, தொலைபேசியில் சதுர அடி கேட்டார், பெருக்கினார், அனுப்பிவைத்தார். எங்கள் ஹாலுக்குச் சீலிங் இல்லை, நேரே ஓடு. ஒரு பக்கம் முற்றத்துக்குத் திறந்த வளைவு, அதற்குக் கதவே கிடையாது. மூன்று கதவுகளுக்கு மேலே காற்றுச் சல்லடை. ஏசி இரவும் பகலும் ஓடியது. அதன் நேர் கீழே உட்கார்ந்திருந்தவருக்குச் சளி பிடித்தது, மற்றவர்களுக்கு வியர்த்தது. அம்மா அதற்கு 'லேனுக்குக் குளிர்' என்று பெயர் வைத்தார். இரண்டு மாத பில்லைப் பார்த்தபிறகு கழற்றி, சொந்தக்காரர் ஒருவரின் அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

பிழை இயந்திரத்தில் இல்லை. பழைய வீடு திறந்திருப்பதற்காகக் கட்டப்பட்டது, ஏசி மூடியிருப்பதைக் கேட்கிறது. ஒரே அறையில் இரண்டையும் வைக்க முடியாது. ஆகவே எந்தக் கம்பனி, எத்தனை பீடியூ என்பதற்கெல்லாம் முன்னால் வரும் கேள்வி, வீட்டில் எந்த அறையை மூடப்போகிறோம் என்பதுதான். என் அபிப்பிராயம்: ஒன்று, மிஞ்சினால் இரண்டு படுக்கையறை. ஹாலும் விறாந்தையும் சாப்பாட்டு இடமும் முற்றமும் திறந்தபடி காற்றுக்கும் விசிறிக்கும் விடப்படட்டும். வயதானவரோ கைக்குழந்தையோ தூங்கும் அறைக்கு முதலிடம். மேல்மாடியில் ஓட்டுக்கு நேர் கீழே உள்ள அறையைவிட, கீழ்மாடியின் நடு அறை ஏசிக்குப் பொருத்தம். அதற்கு வெயில் படும் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் கட்டிலைக் கீழே இறக்கியதே பாதிக் குளிரூட்டல்.

மூடுவது என்றால் காற்றுச் சல்லடையை உடைத்துக் கல் வைத்து அடைப்பது அல்ல. அந்த மரவேலையை இனி ஒருவரும் செய்து தரமாட்டார்கள். அறையின் உட்புறத்தில் மெல்லிய கண்ணாடியோ பேர்ஸ்பெக்ஸ் தகடோ நாலு திருகாணியில் பூட்டினால் போதும், நாளைக்குக் கழற்றலாம். கதவின் அடியில் ரப்பர் பட்டை. பலகை யன்னலின் இடுக்குக்கு நுரைப் பட்டை. சீலிங் இல்லாத அறைக்குச் சீலிங் போடாமல் ஏசி பூட்டுவதில் அர்த்தமே இல்லை.

அளவு விஷயத்தில் பெரியது நல்லது என்ற எண்ணம்தான் கொழும்பில் அதிகக் கெடுதல் செய்கிறது. ஏசி இரண்டு வேலை செய்கிறது: காற்றின் சூட்டை எடுக்கிறது, காற்றின் ஈரத்தைத் தண்ணீராக வடிக்கிறது. சென்னையிலும் கொழும்பிலும் மனிதரை வதைப்பதில் இரண்டாவதற்குப் பெரிய பங்குண்டு. தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் அறையைப் பத்து நிமிடத்தில் குளிராக்கி நின்றுவிடும், ஈரத்தை வடிக்க அதற்கு நேரம் கிடைக்காது. குளிர்ந்த, ஆனால் நனைந்த அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, சீலிங் போட்ட, வெயில் படாத அறைக்கு 9,000 பீடியூ போதும். ஓட்டுக்குக் கீழே என்றால் 12,000. இன்வேர்ட்டர் வகை தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நெடுநேரம் ஓடுவதால் ஈரத்தையும் ஒழுங்காக வடிக்கும். பழைய வீட்டுக்கு அதுதான் சரி.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், கடைக்காரர்கள் சொல்லாதது. கொழும்புக் காற்றின் பனிபடுநிலை பெரும்பாலான நாட்களில் 24, 25 பாகைப் பக்கம் நிற்கிறது. அதாவது அந்த வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் வெளிக்காற்று பட்டாலும் அது வியர்க்கும், ஐஸ் போட்ட கிளாஸ் மாதிரி. ரிமோட்டில் 18 வைத்துத் தூங்கும் அறையின் சீலிங் பலகை இரவு முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். அதன் மேல்பக்கம் ஓட்டிடுக்கு வழியே வந்த ஈரக்காற்று. பலகையின் முதுகு நனைகிறது, ஆறு மாதத்தில் கறுப்புப் பூசணம் கீழே எட்டிப் பார்க்கிறது. வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று பாஸைக் கூப்பிடுவார், பாஸ் ஓடு மாற்றுவார், பூசணம் திரும்ப வரும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரின் வெளிப்பக்கத்துக்கும் இதே வியாதி வரலாம், அதன்மேல் பிளாஸ்டிக் போன்ற நவீனப் பெயின்ற் அடித்திருந்தால் உரிந்து தொங்கும். 26இல் வைத்து, கூடவே விசிறியைச் சின்ன வேகத்தில் ஓடவிட்டால் வீடும் தப்பும், தூக்கமும் வரும்.

வெளிப்பெட்டியை எங்கே வைப்பது என்பதில் வரிசை வீட்டுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. பின்னால் இடமில்லை, முன்னால் அழகு கெடும், ஆகவே முற்றத்துச் சுவரில் தொங்கவிடலாம் என்று பூட்டவருகிறவர் சொல்வார். குழாய் நீளம் குறைவு, அவருக்கு வேலையும் குறைவு. 12,000 பீடியூ என்பது மூன்றரைக் கிலோவாற்று வெப்பம். அதோடு இயந்திரம் வாங்கும் ஒரு கிலோவாற்றும் சேர்ந்து, நாலரைக் கிலோவாற்றுச் சூடு அந்த முற்றத்துக்குள் கொட்டும். இரண்டு மின்கேத்தல்களை நிறுத்தாமல் கொதிக்கவிட்டதற்குச் சமம். வீட்டின் மூக்குக்குள் அடுப்பு மூட்டுவதுதான் இது. ஓர் அறை குளிர, மற்ற எல்லா அறைகளும் வெந்து போகும். குழாயை நீட்டி, குசினிக்குப் பின்னால் திறந்த வெளிக்கோ சிலாப் மேலேயோ கொண்டுபோகச் சொல்லுங்கள், மீற்றர் கணக்கில் கூடுதல் காசு கேட்பார்கள், கொடுக்கலாம். அடுத்த வீட்டு யன்னலைப் பார்க்காமல் வைப்பது நல்ல உறவுக்கு நல்லது. வடியும் தண்ணீருக்கும் குழாய் வேண்டும். ஓரிரவில் ஒரு வாளி சேரும், தேங்கவிட்டால் நுளம்புக்கு நாமே தொட்டில் கட்டியதாகிவிடும்.

கடலுக்கு அருகே இருப்பவர்களுக்கு உப்புக்காற்று தனிப் பிரச்சினை. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம் பொடிப்பொடியாக உதிரும். பூச்சுப் பூசிய தகடுள்ள வெளிப்பெட்டியைக் கேட்டு வாங்கி, கடற்பக்கம் பார்க்காமல் வைத்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால் ஆயுள் கூடும். ஏசிக்குள் ஓடும் குளிரூட்டி வாயுவைப் பொறுத்தவரை, புதியவை பெரும்பாலும் ஆர்-32இல் வருகின்றன. மலிவாகக் கிடைக்கிறதென்று ஆர்-22 போட்ட பழைய பெட்டியை வாங்கிவிடாதீர்கள். ஓசோன் படலத்துக்கான மொன்றியல் உடன்படிக்கையின்படி நம் போன்ற நாடுகளில் அது 2030க்குள் ஒழிக்கப்படவேண்டியது. கசிந்தால் நிரப்ப ஆள் தேடவேண்டிவரும்.

வீடு முழுக்கக் குழாய் ஓடும் பெரிய அமைப்புகளை இந்த வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். சுவரையும் சீலிங்கையும் உடைத்துத்தான் அதைப் பூட்டமுடியும், வீட்டையே மூடிவைக்கவும் வேண்டும். ஒரு வெளிப்பெட்டிக்கு இரண்டு மூன்று உட்பெட்டி வைக்கும் வகை இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் வெளிப்பெட்டி படுத்தால் எல்லா அறையும் படுக்கும். சக்கரம் வைத்த, ஒற்றைக் குழாயை யன்னலால் வெளியே விடும் ஏசி அறையின் காற்றையே உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடாக ஒவ்வோர் இடுக்கு வழியாகவும் வெளிச்சூடு உள்ளே வரும். இடுக்கே உருவான வீட்டுக்கு அது எப்படி உதவும்?

வயரிங்கை வெளிப்படையாகப் பேசவேண்டும். மரப்பட்டியில் ஓடும் ரப்பர் உறை வயர் இன்னும் இருக்கும் வீடுகள் உண்டு. ரப்பர் காய்ந்து, தொட்டால் நொறுங்கும். எர்த் கிடையாது. அதில் ஏசி பூட்டுவது கூரைக்குத் தீ வைப்பதற்கு ஒத்திகை. பழைய 15 அம்பியர் வட்டமுனை பிளக்கும், பிறகு நாட்டின் நியமமாக அறிவித்த 13 அம்பியர் சதுரமுனை பிளக்கும் கலந்து கிடக்கும் வீட்டில், அடப்டருக்கு மேல் அடப்டர் சொருகி ஏசி ஓட்டுவதையும் பார்த்திருக்கிறேன். ஏசிக்கு மின்பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த். இதில் பேரம் வேண்டாம்.

மொத்தச் சுமைக்கும் கணக்குண்டு. பல வீடுகளுக்குக் கிடைத்திருக்கும் இணைப்பு 30 அம்பியர், 230 வோல்ற்று. பெருக்கினால் 6,900 வாற்று. இரண்டு படுக்கையறை ஏசி 2,200, குளியலறையில் உடனடிச் சுடுநீர் ஷவர் குறைந்தது 3,500, அந்த நேரம் பார்த்து யாரோ தேநீருக்குக் கேத்தல் போட்டால் 2,000. வீடு இருண்டுவிடும். கொழும்பில் ஏசி முடிவைச் சிக்கலாக்குவது பெரும்பாலும் இந்த ஷவர்தான். ஒன்றரைக் கிலோவாற்றுத் தொட்டி வகை மெதுவாகச் சூடாக்கும், சுமை குறைவு. சூரிய சுடுநீர்த் தொட்டி பில்லுக்கு நல்லது, ஆனால் 200 லீற்றர்த் தண்ணீர் என்றால் 200 கிலோ. எழுபது எண்பது வருடச் சலாகை தாங்குமா என்று தச்சுப் பாஸிடம் கேட்காமல் ஏற்றவேண்டாம்.

பில். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் ஏறியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பிறகு இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது, எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் இருப்பது படிமுறை. யூனிட் கூடக்கூட, கூடுகிற யூனிட்டின் விலையும் கூடும், மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் உச்சப் படி. 12,000 பீடியூ இன்வேர்ட்டர் இரவு எட்டு மணி நேரம் சராசரி அரைக் கிலோவாற்றில் ஓடினால் மாதம் 120 யூனிட். இந்த 120ம் ஏற்கெனவே ஓடுகிற ஃபிரிஜ், விசிறி, பம்ப் எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்கிறது. ஆகவே அதற்கு நீங்கள் கொடுப்பது சராசரி விலையல்ல, மேல்படி விலை. விசிறியை மாற்றி மிச்சம்பிடித்த 48 யூனிட்டும் அதே மேல்படியிலிருந்துதான் கழிகிறது என்பது ஓர் ஆறுதல்.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். கண்ணாடி யன்னல்கள் திறக்காத புது மாடிவீடுகளில் இருந்த உறவினர்கள் எங்கள் விறாந்தையில் வந்து பாய் விரித்தார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டபோது, பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் சொன்னார். குரங்கை நம்பி வீடு கட்டமுடியாது. மூடிய அறை ஒன்று, திறந்த வீடு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தால் அந்த இரவையும் எப்படியோ தள்ளிவிடலாம்.

கடைசியாக, காலம். கூரை வேலையை தையிலும் மாசியிலும் முடித்துவிடுங்கள். மே மாதம் தென்மேல் மழை பிடித்துக்கொண்டால் ஓட்டைக் கழற்ற எந்தப் பாஸும் ஏறமாட்டார், ஏறினாலும் ஏற்றவேண்டாம். தாள் விரித்து, முற்றத்துச் சீற்றை உயர்த்தி, விசிறித் தண்டை நீட்டி, அந்த ஏப்ரலை ஏசி இல்லாமல் ஒருமுறை கடந்து பாருங்கள். எந்த அறையில் எந்த நேரம் தாங்கமுடியவில்லை என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஜூன் மாதம் போகலாம். கூட்டம் இருக்காது, விலை பேசலாம், பூட்டவருகிறவரும் அவசரப்படாமல் குழாயைக் குசினிக்குப் பின்னால்வரை இழுத்துத் தருவார்.